நாடகம் வளர்த்த நல்லோர் அவை

நாடகாசிரியர் ஒருவரின் வாழ்வும் காலமும் அவர் எழுதிய துயர நாடகத்துக்குள் எப்படி இறங்குகின்றன என்று ஆராயப் புகும் அறிஞர் பெருமக்கள் தவறாமல் ஒரு பாவத்தைச் செய்கிறார்கள். பிறந்த ஊரைச் சொல்கிறார்கள். தகப்பனார் நொடித்துப்போன கதையைச் சொல்கிறார்கள். மூத்த தாரம், இளைய தாரம் என்று வீட்டு விவகாரத்தையும் விடுவதில்லை. ஆனால், அந்த ஆசிரியரின் பிடரியைப் பிடித்து எழுத்து மேசைவரை தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்த புரவலர்களுக்கு ஒரு முழம் பூ வாங்கிச் சாத்த எவருக்கும் மனம் வருவதில்லை.

ஆர்தர் மில்லர் விஷயத்தில் இந்த நன்றிகேடு உச்சத்தைத் தொட்டிருக்கிறது. அவருடைய ‘தி க்ரூசிபிள்’ நாடகம் 1953 ஜனவரி 22 அன்று நியூயார்க்கின் மார்ட்டின் பெக் அரங்கில் மேடையேறியது. அன்று தொடங்கி, உலகின் எந்த மூலையில் அதைப் போட்டாலும் சுவரொட்டியில் மில்லரின் பெயர் மட்டும்தான். அவருக்குக் கருவைக் கொடுத்தவர்கள், பாத்திரங்களைக் கொடுத்தவர்கள், ஆருயிர் நண்பனைப் பறித்து அதன் வழியாக வேண்டிய வேதனையையும் கொடுத்தவர்கள், இறுதியில் ஆசிரியரையே அழைத்துக் கதாநாயகன் வேஷம் கட்டவைத்து அழகு பார்த்தவர்கள் ஆகிய மகான்களின் பெயர் மூலையில் பொடி எழுத்தில்கூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே எளியேன் பேனாவைத் திறந்தேன்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ‘அமெரிக்க விரோத நடவடிக்கைகள் விசாரணைக் குழு’ என்பது அவர்களுடைய நீண்ட திருநாமம். 1938இல் டெக்சாஸ் சீமையின் தவப்புதல்வர் மார்ட்டின் டைஸ் தலைமையில் அவதரித்து, 1945இல் நிரந்தரப் பீடம் ஏறி, பிறகு முப்பதாண்டுக் காலம் அறிவுக்கு வந்த அத்தனை சோதனைகளையும் முறியடித்த அவை அது. சிலர் இந்தப் புகழையெல்லாம் ஜோசப் மெக்கார்த்தி என்ற ஒரே மனிதரின் தலையில் வைத்துக் கட்டுகிறார்கள். அவர் செனட்டர், வேறு சபைக்காரர்; இந்தக் குழுவில் ஒருநாளும் உறுப்பினராக இருந்தவரல்லர். கற்பனை வளத்தில் அவரும் குறைந்தவரில்லைதான். 1950 பிப்ரவரியில் அரசு அலுவலகத்துக்குள் புகுந்துவிட்ட கம்யூனிஸ்டுகள் என்று ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார். எண்ணிக்கை முதலில் 205, இரண்டொரு நாளில் 57, செனட்டுக்கு வந்தபோது 81. கணக்கு என்ற வறட்டு விலங்கிலிருந்து எண்களை விடுதலை செய்தவர் அவர். ஆயினும் நாடகக் கலைக்குச் செய்த நேரடித் தொண்டு என்று பார்த்தால் குழுவின் கால்தூசிக்கு அவர் ஈடாக மாட்டார்.

குழுவின் இலக்கியப் புலமைக்கு ஒரேயொரு சான்று போதும். 1935 முதல் வேலையற்ற நாடகக்காரர்களுக்கு அரசே கூலி கொடுத்து நாடகம் போடவைத்த ‘ஃபெடரல் தியேட்டர்’ திட்டத்தின் தலைவி ஹேலி ஃபிளானகன் அம்மையார், 1938 டிசம்பரில் அவையின் முன் நிறுத்தப்பட்டார். அவர் எழுதிய பழைய கட்டுரை ஒன்றில் கிறிஸ்டோபர் மார்லோ என்ற பெயர் வந்திருந்தது. அலபாமாவின் ஜோ ஸ்டார்ன்ஸ் பெருந்தகை அதைக் கழுகுக் கண்ணால் கண்டுகொண்டு, அந்த மார்லோ ஒரு கம்யூனிஸ்டா என்று திருவாய் மலர்ந்தருளினார். மார்லோ ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர், செத்து முந்நூற்று நாற்பத்தைந்து வருஷமாகிறது என்ற அற்பத் தடை அவருடைய கூர்மையை மழுங்கச் செய்யவில்லை. அதே அமர்வில் கிரேக்கத்து நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் மீதும் வர்க்க உணர்வைப் பரப்பியதாக ஐயம் எழுந்தது. அவரை ‘மிஸ்டர்’ போட்டு அழைத்த பணிவை எண்ணி எண்ணி வியக்கிறேன். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய குற்றவாளிக்கும் மரியாதை குறையவில்லை பாருங்கள்!

ஆறே மாதத்தில், 1939 ஜூன் கடைசியோடு, அந்தத் திட்டத்துக்குக் காசு நிறுத்தப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து வந்த 23 வயது மில்லர் அப்போது அதில்தான் வாரம் ஏறத்தாழ 23 டாலர் கூலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். வாராவாரம் சோறு கிடைத்தால் எழுத்தாளன் கெட்டுப்போவான் என்பது குழுவின் ஆழ்ந்த கொள்கை. பரிசில் தந்து புலவனைச் சோம்பேறியாக்கிய நம் பழைய மன்னர்களுக்கு இந்த ஞானம் இல்லாமல் போயிற்று.

மில்லருக்கு அமைந்த முதல் புரவலர் குழுவல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெருமை நியூயார்க் பங்குச் சந்தையைச் சேரும். ஹார்லெமில் செல்வமாக வாழ்ந்த வீடு அது. எழுதப் படிக்கத் தெரியாத தகப்பனார் இசிடோர் பெண்களுக்கான கோட்டு தைக்கும் பெரிய கம்பெனியை நடத்தினார். 1929இல் சந்தை தன் திருவிளையாடலை நிகழ்த்திய பிறகு குடும்பம் புரூக்ளினின் சின்ன வீடு ஒன்றுக்கு ஒதுங்கியது. பையன் பள்ளிக்கூடம் போகுமுன் சைக்கிளில் ரொட்டி போட்டான். கார் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்துக் கல்லூரிக்குப் பணம் சேர்த்தான். சந்தை மட்டும் சற்றே கைநடுங்கித் தகப்பனாரைக் காப்பாற்றியிருந்தால், கோட்டுக் கடை முதலாளி ஆர்தர் என்று ஒருவர் இருந்திருப்பார். வில்லி லோமன் பிறந்திருக்க மாட்டார். உழைத்துத் தேய்ந்தபின் தெருவில் விடப்பட்டு, உயிரோடு இருப்பதைவிட இன்சூரன்ஸ் பணமாக இருப்பதே குடும்பத்துக்கு லாபம் என்று கணக்குப் போட்டுச் சாகும் அந்த விற்பனையாளரின் கதை, ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’, 1949 பிப்ரவரியில் மேடையேறி 742 முறை நடந்தது.

அந்தக் கதை படமானபோது கொலம்பியா பட நிறுவனத்தார் காட்டிய கருணை தனியாகப் பாடத்தக்கது. துயர நாடகத்தைத் துயரத்தோடு பார்க்கும் அவலம் தங்கள் ரசிகர்களுக்கு நேரலாகாது என்று அவர்கள் உள்ளம் பதறியது. ஆகவே 1951இல் ‘கேரியர் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ என்று ஒரு குறும்படம் எடுத்தார்கள். வணிகவியல் போதிக்கும் பேராசிரியர்களை வரிசையாக உட்காரவைத்து, விற்பனைத் தொழில் எவ்வளவு இன்பமானது, நாட்டுக்கு எவ்வளவு நல்லது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார்கள். அசல் படத்துக்கு முன்னால் இதைக் காட்டுவதாக ஏற்பாடு. கல்யாணப் பந்தியில் முதலில் பாயசம், பிறகு விஷம், அதுவும் பாயசத்தின் நினைப்பிலேயே இறங்கிவிடும். மில்லருக்கு இந்தப் பக்குவம் புரியவில்லை. வழக்குப் போடுவேன் என்று நின்று அதைத் தடுத்துவிட்டார். துறைமுகத் தொழிலாளரைச் சுரண்டும் ரவுடிகளைப் பற்றி அவர் எழுதிய ‘தி ஹுக்’ திரைக்கதைக்கும் ஓர் அருமையான திருத்தம் வந்தது. ரவுடிகளையெல்லாம் கம்யூனிஸ்டுகளாக மாற்றிவிடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றார்கள். ஒரே சொல் மாற்றம்! அதற்கும் இணங்காமல் திரைக்கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். முரட்டு மனிதர்.

இனி குழுவின் தலைசிறந்த கொடைக்கு வருகிறேன். மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’ நாடகத்தையும் விற்பனையாளர் நாடகத்தையும் இயக்கியவர் எலியா கஸான். இருவரும் உடன்பிறவாச் சகோதரர்கள். இப்படிப்பட்ட நட்பு ஒரு துயர நாடகாசிரியருக்கு எவ்வளவு பெரிய இடையூறு என்பதைக் குழு ஒரே பார்வையில் உணர்ந்துகொண்டது. 1952 ஜனவரியில் அழைக்கப்பட்ட கஸான், தன் கதையைச் சொன்னார். பிறர் பெயரைச் சொல்ல மறுத்தார். பெரியோர் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஏப்ரலில் அவர் திரும்பி வந்து, முப்பதுகளில் தன்னோடு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த ‘குரூப் தியேட்டர்’ நாடகக்காரர்கள் எட்டுப் பேரின் பெயரை ஒப்புவித்தார்.

அந்த நாட்களில்தான் மில்லரைத் தம் கனெக்டிகட் வீட்டுக்கு வரவழைத்தார் கஸான். பின்புறத்துக் காட்டுக்குள் இரண்டு பேரும் நடந்தார்கள். பெயர் சொல்லாவிட்டால் சினிமாவில் இனிப் பிழைக்க முடியாது என்றார் நண்பர். மில்லருக்கு அவர்மேல் பரிவு வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது: நான் அந்தக் கட்சியில் இருந்திருந்தால் இவன் என்னையும் சொல்லியிருப்பானோ? புறப்படும்போது கஸானின் மனைவி மோலி வாசலுக்கு வந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவரிடம், சேலத்துக்கு என்றார் மில்லர். (நம்மூர்ச் சேலமல்ல, மாசசூசெட்ஸில் சூனியக்காரிகள் என்று சொல்லித் தூக்கில் போட்ட ஊர்.) மோலிக்குச் சட்டென்று விளங்கி முகம் மாறிற்று. அங்கே நீதிமன்றத்துப் பழைய ஏடுகளைப் புரட்டிவிட்டுக் காரில் திரும்பும் வழியில், ரேடியோவில் கஸானின் சாட்சியம் செய்தியாக வந்தது என்று மில்லரே பிற்பாடு எழுதியிருக்கிறார். எத்தனை கச்சிதமான ஏற்பாடு! கருவைத் தேடிப் போகிறவனுக்கு வழிச்செலவுக்குச் சோகமும் கட்டிக் கொடுத்தனுப்பிய அன்னதான சத்திரம் உலகில் வேறுண்டா?

சிற்றறிவினர் ஒரு கேள்வி எழுப்புவார்கள். அந்த எட்டுப் பெயர்களும் குழுவிடம் ஏற்கெனவே இருந்தனவே, பிறகு ஏன் கேட்டார்கள்? இங்கேதான் அவர்கள் வெறும் ஒற்றர்களல்லர், சடங்கின் தத்துவம் அறிந்த ஞானிகள் என்பது துலங்குகிறது. பெயர் யாருக்கு வேண்டும்? நண்பன் வாயால், பகிரங்கமாக, நண்பன் பெயர் வரவேண்டும், அதுதான் பிராயச்சித்தம். 1692இல் சேலம் நீதிபதிகளும் இதே வைதிகத்தைக் கடைப்பிடித்தார்கள். சூனியம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு அடுத்த வீட்டுக்காரியையும் காட்டிக்கொடுத்தவர்கள் பிழைத்தார்கள். நான் செய்யவில்லை என்று உண்மை பேசியவர்களில் பத்தொன்பது பேர் கயிற்றில் தொங்கினார்கள். வாயே திறக்க மாட்டேன் என்ற எண்பது வயதுக் கிழவர் ஜைல்ஸ் கோரியின் மேல் கல்லைக் கல்லாக அடுக்கி நசுக்கினார்கள். இந்த நுட்பத்தை ஏட்டில் மட்டும் படித்திருந்தால் மில்லருக்கு என்ன விளங்கியிருக்கும்? வாஷிங்டனில் செயல்முறை விளக்கம் காட்டிய ஆசான்களால் அல்லவா அந்த ஏடு பேசியது!

அதனால்தான் சேலத்தைக் களமாகக் கொண்ட ‘தி க்ரூசிபிள்’ நாயகன் ஜான் பிராக்டரை அவரால் அப்படிப் படைக்க முடிந்தது. ஏட்டில் இருந்த பிராக்டருக்கு அறுபது வயது, குற்றம் சாட்டிய சிறுமி அபிகெயிலுக்குப் பதினொன்று. மில்லர் ஒருவர் வயதைக் குறைத்து மற்றவர் வயதைக் கூட்டி நடுவே ஒரு கள்ள உறவை வைத்தார். மனைவி மேரியுடனான அவருடைய சொந்த இல்வாழ்க்கை அப்போது ஆட்டம் கண்டிருந்தது. 1951இல் ஹாலிவுட்டில் மர்லின் மன்ரோவைச் சந்தித்திருந்தார். நாடகத்தில் தன் குற்றத்தைச் சொல்லத் துணிந்த பிராக்டர், பிறர் பெயரைச் சொல்ல மட்டும் மறுக்கிறான். உயிருக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறான், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறான். குற்ற உணர்வு மில்லருடைய சொந்தச் சரக்கு. தாளும் கயிறும் குழுவின் உபயம்.

சேலத்தாரைவிடக் குழு கருணை மிக்கது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒருவரையும் தூக்கிலிடவில்லை, தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘ஆல் மை சன்ஸ்’ படத்தில் தாயாக நடித்த மேடி கிறிஸ்டியன்ஸ் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு 1951இல் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். நடிகர் ஜான் கார்ஃபீல்டுக்கு 1952இல் நெஞ்சு நின்றபோது வயது 39. தொலைக்காட்சி நடிகர் ஃபிலிப் லோப் 1955இல் ஓட்டல் அறையில் தூக்க மாத்திரைகளை விழுங்கினார். அவரவர் உடம்பு, அவரவர் விதி. அவையோரின் திருக்கரங்களில் ஒரு துளி ரத்தக் கறை கிடையாது. கேள்வி கேட்டதைத் தவிர அவர்கள் வேறென்ன செய்தார்கள்?

வில்லி லோமனாகவே முதன்முதலில் வாழ்ந்து காட்டிய லீ ஜே. காப் மீதும் குழுவின் கடைக்கண் பட்டது. இரண்டு வருஷம் வேலையில்லாமல் தவித்து, வீட்டில் மனைவிக்கு மனநலம் கெட்டு, 1953இல் அவர் வந்து இருபது பேர் பெயரைச் சொன்னார். மேடையில் இரவுக்கிரவு விலைபோகாத சரக்காய் நின்ற மனிதர் அவர். கடைசியில் வாங்க ஆள் வந்தது என்பதில் நாடக அபிமானி எவனுக்குத்தான் மனம் குளிராது?

மார்லோவைப் பற்றிக் கேட்ட ஸ்டார்ன்ஸைப் பார்த்து அன்று அவையே சிரித்தது. சிரித்தவர்கள் சரித்திரம் படியாதவர்கள். 1593 மே மாதத்தில் தாமஸ் கிட் என்ற நாடகாசிரியரைப் பிடித்துச் சித்திரவதை செய்தபோது, அவர் அறையில் அகப்பட்ட நாத்திகக் காகிதங்கள் யாருடையவை என்று கேட்டார்கள். ஒருகாலத்தில் தன்னோடு ஒரே அறையில் எழுதிய நண்பன் மார்லோவின் பெயரைச் சொன்னார் கிட். அந்த மாதம் முடிவதற்குள் மார்லோ ஒரு விடுதியில் கத்திக்குத்துப்பட்டுச் செத்தார். மறுவருஷம் கிட்டும் போய்ச் சேர்ந்தார். ஸ்டார்ன்ஸ் பெருந்தகை தம்மை அறியாமலேயே எவ்வளவு சரியான கோப்பைத் திறந்திருக்கிறார்! மகான்களின் வாயில் தற்செயலாக வருவதும் வேதம்தான்.

‘தி க்ரூசிபிள்’ முதலில் 197 முறைதான் நடந்தது. இருந்தும் 1953 ஜூன் 19 அன்று, ஒற்றர்கள் என்று தண்டிக்கப்பட்ட ரோசன்பர்க் தம்பதியர் மின்சார நாற்காலியில் உட்கார்த்தப்பட்ட அந்த இரவில், ஒரு காரியம் நடந்தது. மேடையில் பிராக்டர் சாகப் போனதும் கைதட்ட வேண்டிய ரசிகர்கள் எழுந்தார்கள். தலைகுனிந்து பேச்சுமூச்சில்லாமல் நின்றார்கள். நடிகர்களுக்குக் காரணம் தெரியவில்லை. விளம்பரத்துக்குக் காலணா செலவழிக்காமல், ஊரறியக் கொன்று, ஒரு நாடகத்துக்கு இப்படிப்பட்ட ரசிகர்களைத் தயார்செய்து அனுப்பும் அரசாங்கத்தைக் கண்டதுண்டா?

புகழ் தலைக்கேறிவிடக் கூடாதே என்ற அக்கறையும் இருந்தது. 1954இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் அந்த நாடகத்தின் முதல் காட்சிக்குப் போக மில்லர் பாஸ்போர்ட் கேட்டார். தேச நலனுக்கு ஆகாது என்று வெளியுறவுத் துறை மறுத்தது. சூனிய வேட்டையைக் கண்டித்தவருக்கு, வேட்டை நடப்பதில் இனி ஐயமே வரக்கூடாது என்று தீர்த்துவைத்தார்கள்.

முத்தாய்ப்பு 1956 ஜூன் 21. குழுத் தலைவர் இப்போது பென்சில்வேனியாவின் ஃபிரான்சிஸ் வால்டர். மில்லருக்கும் மர்லின் மன்ரோவுக்கும் கல்யாணம் நடக்க எட்டே நாள் இருக்கிறது. மன்ரோவுடன் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தால் விசாரணையையே விட்டுவிடுகிறேன் என்று தலைவர் தூது விட்டதாக மில்லர் பிற்காலத்தில் சொல்லிவந்தார். தேசத்துக்கே வந்த பேராபத்தை ஒரு கேமரா பொத்தானை அமுக்கி நீக்கிவிட முடியும் என்று கண்ட ராஜதந்திரம் சாணக்கியருக்கும் எட்டாதது. கலை ரசனையையும் கவனியுங்கள்: நாடகாசிரியரோடு போட்டோ எடுத்துக்கொள்ள அவர் கேட்கவே இல்லை. மில்லர் சம்மதிக்கவில்லை. சாட்சிக் கூண்டில், என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், இன்னொருவர் பெயரைச் சொல்லி அவருக்குத் தொல்லை தேடித்தர மாட்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் பிராக்டருக்கு எழுதிக் கொடுத்த வசனம்! ஆசிரியருக்குத் தம் வசனம் மனப்பாடமாக இருக்கிறதா என்று பரீட்சை வைத்துப் பார்த்த சபை அது ஒன்றுதான். தேறியதற்குச் சன்மானமாக, அவமதிப்புக் குற்றம் சாட்ட 373 பேர் கை தூக்கினார்கள்; ஒன்பது பேருக்கு மட்டும் கை எழவில்லை. 1957இல் 500 டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு மாதச் சிறையும் விதிக்கப்பட்டன. மறுவருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதே 1958இல் ‘தி க்ரூசிபிள்’ நியூயார்க்கின் சிறிய அரங்கு ஒன்றில் மறுபடி ஏறி முதல்முறையைவிட அதிக நாள் ஓடிற்று.

குழுவின் முன்னாள் தலைவர் ஜே. பார்னெல் தாமஸ் பெருமானை விட்டுவிட்டால் இந்தப் புகழுரை பூர்த்தியாகாது. 1947இல் நடத்திய விசாரணையால், ‘ஹாலிவுட் பத்து’ எனப்பட்ட திரையுலகத்தார் பத்துப் பேர் சிறைக்குப் போக வழிசெய்த புண்ணியவான். பிறகு தம் அலுவலகத்தில் வேலையே செய்யாதவர்கள் பெயரில் அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டது தெரியவந்து, தாமும் டான்பரி சிறைக்கு எழுந்தருளினார். அவரால் தண்டனை பெற்ற திரைக்கதாசிரியர்கள் லார்ட்னரும் கோலும் பின்னாலேயே அங்கு வந்து சேர்ந்தார்கள். தாமஸுக்குக் கோழிப் பண்ணையில் வேலை கிடைத்தது. தமக்கு எதிரான வழக்கில் சாட்சி சொல்லும்படி வந்தபோது, வாய் திறக்க மாட்டேன் என்ற அரசியல் சாசன உரிமையை அவர் பயன்படுத்திக்கொண்டார் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. பிறர் பயன்படுத்தினால் தேசத் துரோகமாகும் உரிமையைத் தாமே தொட்டுப் புனிதப்படுத்தினார்.

1975இல் குழுவைக் கலைத்துவிட்டார்கள். சிலை இல்லை, நினைவுத் தூண் இல்லை. ‘தி க்ரூசிபிள்’ போடும் ஒவ்வொரு நாடகக் குழுவுக்கும் எளியேனின் விண்ணப்பம் ஒன்று உண்டு. டிக்கெட்டோடு தரும் நிகழ்ச்சித் தாளில் ஆசிரியர் ஆர்தர் மில்லர் என்பதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், இணையாசிரியர்கள் என்று தலைப்புக் கொடுங்கள். மார்ட்டின் டைஸ், ஜோ ஸ்டார்ன்ஸ், ஜே. பார்னெல் தாமஸ், ஃபிரான்சிஸ் வால்டர் என்று ஒருவர் விடாமல் போடுங்கள். அந்த 373 பேருக்கும் இடம் இருந்தால் இன்னும் விசேஷம். பெயர் சொல்லச் சொல்லித்தானே ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பாவம்.